சிவகளைக் கரியின் வயதும் நெல்லின் வயதும்

இரும்பின் தொன்மை குறித்த தமிழ்நாடு தொல்லியல் துறையின் ஆய்வறிக்கை 2025 ஜனவரி 23 அன்று வெளியானதிலிருந்து, கி.மு. 3345 என்ற எண்ணை அறியாதவர்கள் எங்கள் திருநெல்வேலிச் சீமையில் குறைவு. ஏரலுக்கு அருகில் இருக்கும் சிவகளையில், முதுமக்கள் தாழிகளோடு கத்தி, அம்புமுனை, உளி, கோடரி, வாள் எனப் பல இரும்புப் பொருள்கள் கிடைத்தன. அங்கே எடுக்கப்பட்ட கரித்துண்டுகளுக்கு ஆய்வகம் தந்த காலம் கி.மு. 2953 முதல் கி.மு. 3345 வரை செல்கிறது. செய்தி வந்த வாரத்தில் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் அண்ணாச்சி ஒருவர், "இரும்புல வருசம் எழுதியா இருக்கு, எப்படிச் சொல்லுதாங்க?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி அது. இரும்பில் ஆண்டு எழுதப்படவில்லை என்பது மட்டுமன்று, ஆய்வகத்தில் அளந்ததும் இரும்பை அன்று. அளந்தது அதனுடன் கிடைத்த கரியை. இந்த வேறுபாட்டை நன்றாக விளங்கிக்கொண்டால்தான் அந்த எண்ணின் பெருமையையும் அதன் எல்லையையும் நாம் ஒருசேர அறிய முடியும்.

வானின் மேலடுக்கில் அண்டக்கதிர்கள் மோதுவதால் கார்பன்-14 என்னும் கதிரியக்க அணு இடைவிடாமல் உருவாகிறது. காற்றில் கலந்திருக்கும் அந்த அணுவைச் செடியும் மரமும் கரியமில வாயுவோடு சேர்த்து உட்கொள்கின்றன. உயிர் உள்ளவரை வரவு இருக்கும். உயிர் போனதும் வரவு நின்று, இருப்பு மட்டும் 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். கி.மு. 3345இல் வெட்டிய ஒரு கிளையில் இன்று எஞ்சியிருப்பது தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்குச் சற்றே கூடுதல்தான். வில்லர்ட் லிபி 1940களின் இறுதியில் இம்முறையை உருவாக்கினார். அதற்காக 1960இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய காலத்தில் ஓர் அளவீட்டுக்குக் கிராம் கணக்கில் பொருளை எரிக்க வேண்டியிருந்தது. 1970களின் பிற்பகுதியில் வந்த முடுக்கி நிறை நிறமாலை முறை, சிதைவுக்காகக் காத்திராமல் அணுக்களையே நேரடியாக எண்ணுவதால், இன்று ஒரு நெல்மணியே போதுமானது.

ஆனால் காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. ஆகவே கருவி தரும் எண்ணை, ஆண்டு தெரிந்த மரவளையங்களைக் கொண்டு வகுத்த திருத்த வரைவோடு ஒப்பிட்டே நாட்காட்டி ஆண்டாக மாற்றுகிறார்கள். 2020இல் புதுப்பிக்கப்பட்ட வரைவுகள் வடவரைக்கோளத்துக்கு ஒன்றும் தென்னரைக்கோளத்துக்கு மற்றொன்றுமாக இருக்கின்றன. கடற்பரப்பு மிகுந்த தெற்கின் காற்றில் கார்பன்-14 சற்றுக் குறைவு என்பதே அதற்குக் காரணம். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கிறோம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து குற்றாலத்தில் சாரலாக விழும் தென்மேற்குக் காற்று, நிலநடுக்கோட்டைத் தாண்டித் தென்கடலிலிருந்து வருவது. அந்தக் காற்றை உண்டு வளர்ந்த நம் மரங்களுக்கும் பயிர்களுக்கும் எந்த வரைவு முழுமையாகப் பொருந்தும் என்பது ஆய்வுக்குரிய கேள்வியாகும். இதனால் வரக்கூடிய மாற்றம் சில பத்தாண்டுகளே என்பதால் சிவகளையின் காலம் தலைகீழாகிவிடாது. எனினும் உள்ளூர்க் காற்றுக்கேற்ற திருத்தம் நமக்கென்று வகுக்கப்பட வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

கரியில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மரத்தின் ஒவ்வொரு வளையமும் அது உருவான ஆண்டின் காற்றையே தாங்கி நிற்கிறது. இருநூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் வைரத்தை, அதாவது நடுவில் இருக்கும் பழைய கட்டையை, வெட்டி எரித்தால், அந்தக் கரி காட்டும் காலம் நெருப்பு மூட்டிய காலத்தைவிட ஏறக்குறைய இருநூறு ஆண்டு முந்தியதாக இருக்கும். அதோடு, கரித்துண்டு அந்தத் தாழியோடும் அந்த இரும்போடும் ஒரே நாளில் மண்ணுக்குள் போனதா அல்லது அதற்கு முன்பே அங்கு கிடந்த மண்ணில் இருந்ததா என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. குழிக்குள் நின்று மண்ணடுக்கைப் பார்த்தவருடைய குறிப்பேடு ஒன்றே அதைச் சொல்லும்.

இதனாலேயே அறிக்கையில் நான் முதலில் மதிப்பது, ஒரே ஆய்வகத்தையும் ஒரே முறையையும் நம்பி நில்லாமல் மாதிரிகளைப் பிரித்து அனுப்பிய செயலைத்தான். கரித்துண்டுகள் அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குச் சென்றன. பானைத்துண்டுகள் போன்றவற்றை லக்னோவின் பீர்பல் சாஹ்னி தொல்லுயிர் அறிவியல் நிறுவனமும் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடமும் ஒளித்தூண்டல் முறையில் ஆராய்ந்தன. சுட்ட மண்ணில் இருக்கும் குவார்ட்சு மணிகளில், சுற்றியுள்ள மண்ணின் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சால் எலெக்ட்ரான்கள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சிக்குகின்றன. சூளையின் வெப்பம் அந்தக் கணக்கை ஒருமுறை சுழியாக்கியிருக்கும். ஆய்வகத்தின் மங்கிய செவ்வொளியில் அந்த மணிகளின் மீது ஒளியைப் பாய்ச்சினால், சிக்கிய எலெக்ட்ரான்கள் விடுபடும்போது வெளிவரும் ஒளியின் அளவிலிருந்து பானை சுடப்பட்ட காலத்தைக் கணக்கிடலாம். பொதுவாக இம்முறையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை பிழை இருக்கலாம். நாலாயிரம் ஆண்டில் அது சில நூற்றாண்டுகள் ஆகும்.

சிவகளையின் பானைத்துண்டுகளுக்கு இம்முறையில் கிடைத்த காலம் கி.மு. 25ஆம் நூற்றாண்டு. கரியின் மிக முந்தைய காலத்துக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. தாழிகள் ஒரே காலத்தில் புதைக்கப்பட்டவை அல்ல என்று இதற்கு விளக்கம் கூறலாம், அது நடக்கக்கூடியதும்கூட. இருந்தாலும் இந்த இடைவெளியை மேடைகளில் சொல்லாமல் விடுவதை நான் ஏற்கவில்லை. கி.மு. 25ஆம் நூற்றாண்டு என்றாலும் அது இரும்பின் வரலாற்றில் வியக்கத்தக்க தொன்மையே. அதை இன்னும் முந்தைய ஓர் எண்ணால் மறைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

என் மனம் உறுதியாக ஏற்றுக்கொள்வது வேறோர் ஆண்டை. சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று காலம் கிடைத்ததை 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நெல் ஒரு பூவின், அதாவது ஒரு போகத்தின், பயிர். விதைத்து அறுக்கும் சில மாதக் காற்று மட்டுமே அதில் இருக்கிறது. வைரம் பாய்ந்த மரத்தின் சிக்கல் அதற்கு இல்லை. பொருநை என்னும் தாமிரபரணிக் கரையில் கார், பிசானம் என்று இரண்டு பூ விளையும் நிலத்தில் வளர்ந்தவன் நான். மூவாயிரம் ஆண்டுக்கும் முன்னால் தம் இறந்தவருக்கு நெல்லை வைத்து அனுப்பிய மக்களின் காலத்தை அந்த நெல்லே சொல்கிறது என்பது, எந்தப் பெரிய எண்ணையும்விட என்னை அதிகம் நெகிழச் செய்கிறது.

ஆதிச்சநல்லூரின் கதை இதற்கு நேர்மாறானது. 1876இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் அங்கே தோண்டினார். அதன்பின் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்து, வெண்கலப் பொருள்களையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் ஏராளமான இரும்புக் கருவிகளையும் வெளிக்கொணர்ந்தார். கரியைக் கொண்டு காலத்தை அளக்கலாம் என்று உலகில் எவருக்கும் தெரியாத நாட்கள் அவை. அதனால் அந்தப் பொன்னும் வெண்கலமும் இன்று காட்சிக்கு இருக்கின்றன. அவற்றின் ஆண்டைச் சொல்லக்கூடிய மண் மட்டும் அவற்றோடு இல்லை.

இதை நினைத்தே என் ஊர்க்காரர்களிடம் ஒன்றை வேண்டுகிறேன். பரம்பு மேட்டில் வாய்க்கால் வெட்டும்போதோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ தாழி தென்பட்டால், மூடியைத் திறக்காமல், உள்ளிருக்கும் மண்ணைக் கொட்டாமல், வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தகவல் சொல்லுங்கள். ஜேசிபி ஒருமுறை புரட்டிய தாழியில் பானை மிஞ்சலாம், காலம் மிஞ்சாது. ஒளித்தூண்டல் முறைக்கு வேண்டிய மண் பகல் வெளிச்சத்தைச் சிறிது நேரம் பார்த்தாலே கணக்கு அழியத் தொடங்கிவிடும்.

இனி நடக்க வேண்டியது எது என்று கேட்டால், இரும்பையே அளப்பதுதான். கரி கொண்டு உருக்கும்போது அதன் கார்பனில் ஒரு பகுதி இரும்புக்குள் புகுகிறது. அதைப் பிரித்தெடுத்துக் காலம் காண முடியும் என்பதை 1960களின் இறுதியிலேயே வான் டெர் மெர்வே என்னும் ஆய்வாளர் செய்துகாட்டினார். முற்றிலும் துருவேறிய பொருளில் மண்ணின் கார்பன் கலந்துவிடும் என்பதால் உள்ளே உலோகம் எஞ்சியிருக்கும் கத்தியோ வாளோ வேண்டும்; உலைக்கு இட்டது பழைய மரமாக இருந்தால் முன் சொன்ன சிக்கலும் இங்கே வரும். அவ்வாறு ஒரு துண்டும், அதே தாழியிலிருந்து ஒரு விதையும், அதே தாழியின் ஓடும் மூன்று ஆய்வகங்களில் அளக்கப்பட்டு மூன்றும் ஒரே நூற்றாண்டைச் சொல்லுமானால், அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு அதன்பின் யாரும் மறுப்புக் கூற முடியாத விடை கிடைத்துவிடும்.