ரூட் செய்யாமலே மீண்டு வந்த வீட்டுக் கணக்கு

பழைய ஃபோனில் இருக்கும் ஒரே ஒரு ஆப்பின் டேட்டாவை வெளியே எடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். அதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

வீடு கட்டியபோது செங்கல், எம்-சாண்ட், கம்பி, சித்தாள் கூலி என்று எல்லாவற்றையும் ஒரு கணக்கு ஆப்பில் போட்டு வைத்திருந்தேன். அந்த ஆப் இப்போது பிளே ஸ்டோரிலேயே இல்லை. எக்ஸ்போர்ட் பட்டனைத் தட்டினால் பிரீமியம் வாங்கச் சொல்லும். வாங்கப் போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பதிவுகளைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், நகலெடுக்க முடியாது. மேஸ்திரியோடு பாக்கி விஷயத்தில் தகராறு ஓடிக்கொண்டிருந்ததால் தள்ளிப்போடவும் வழியில்லை.

ஆண்ட்ராய்டில் ஒரு ஆப்பின் கோப்புறைக்குள் இன்னொரு ஆப் நுழைய முடியாது. ஃபைல் மேனேஜரும் ஓர் ஆப்தான் என்பதால் ஃபோனுக்குக் காசு கொடுத்த நாமும் நுழைய முடியாது. ரூட், அதாவது ஃபோனின் எல்லாப் பகுதிக்குள்ளும் நுழையும் முழு அதிகாரம், இருந்தால் நுழையலாம்.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டர். டோக்கன் வாங்கி முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். கவுண்ட்டரில் இருந்த பெண், நான் சொல்லி முடிப்பதற்குள், "ஃபேக்டரி ரீசெட் பண்ணித் தரலாம் சார், டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். டேட்டாவுக்காகத்தானே வந்திருக்கிறேன் என்றால், அதே வாக்கியத்தைக் கொஞ்சம் மெதுவாக மறுபடி சொன்னார்.

அடுத்து சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை. "ரூட் பண்ணித் தர்றேன், ஆயிரத்து ஐந்நூறு ஆகும்."

"டேட்டா அப்படியே இருக்குமா?"

"அதெல்லாம் இருக்கும் சார்."

"பூட்லோடர் அன்லாக் பண்ணினா எல்லாம் அழிஞ்சிடுமே?"

"அப்ப ஒரு பேக்கப் எடுத்துட்டு வந்துடுங்க."

இதைக் கவனியுங்கள். பூட்லோடர் என்பது ஃபோன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் மென்பொருள், கம்பெனி அதைப் பூட்டித்தான் தருகிறது. பேக்கப் எடுக்க ரூட் வேண்டும், ரூட் செய்ய அன்லாக் செய்ய வேண்டும், அன்லாக் செய்தால் பேக்கப் எடுக்க எதுவும் மிச்சமிருக்காது. இது கோளாறல்ல, வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. இல்லாவிட்டால் ஃபோனைத் திருடியவன் அன்லாக் செய்து எல்லாவற்றையும் படித்துவிடுவான். நியாயம்தான். ஆனால் கடைக்காரர் பேச்சை நம்பி ஃபோனைக் கொடுத்திருந்தால் என் கணக்கு அன்றைக்கே காலி. 'டேட்டா இருக்கும்' என்று யார் சொன்னாலும், பூட்லோடர் ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். திறக்கவில்லை என்றால் ஃபோனை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

கடைசியில் கைகொடுத்தது ஏடிபி. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி. அதில் பேக்கப் என்று ஒரு பழைய கட்டளை உண்டு. கூகுள் அதைக் கைவிட்டு வருகிறது. ஆண்ட்ராய்டு 12-ஐயோ அதற்குப் பிந்தைய பதிப்பையோ இலக்காக வைத்து எழுதப்பட்ட ஆப் என்றால், அந்தப் பதிப்பு ஓடும் ஃபோனில் இந்தக் கட்டளை அதன் டேட்டாவைத் தராது. என் ஆப்பை எழுதியவர் அதற்கு முன்பே அம்போ என்று விட்டுப் போய்விட்டார். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு ஒரு நன்றி.

ஆனாலும் லேசில் விடவில்லை. சார்ஜிங் போர்ட் ஆட்டம் கண்டிருந்ததால் கேபிளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் இணைப்பு நின்றது. போர்ட்டை மாற்றிய பிறகுதான் ஒழுங்காக வேலை நடந்தது. ஃபோன் திரையில் கேட்கும் பாஸ்வேர்டைக் காலியாக விட்டபோது ஒரு கேபி கூடத் தேறாத கோப்பு வந்தது. பாஸ்வேர்ட் போட்டதும் முழுதாக வந்தது. கோப்பு உருவாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள், அளவைப் பாருங்கள்.

அந்தக் கோப்பை விரிக்க ஜாவாவில் ஓடும் இலவசக் கருவி இருக்கிறது. உள்ளே ஓர் எஸ்கியூலைட் டேட்டாபேஸ், அதாவது பதிவுகளை அட்டவணைகளாக வைத்திருக்கும் கோப்பு. திறந்தால் தொகையெல்லாம் சரி, தேதி இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று இலக்க எண்கள். 1970 ஜனவரி 1-லிருந்து ஓடிய மில்லி விநாடிகள் அவை. எக்செலில் 86400000-ஆல் வகுத்து 25569-ஐக் கூட்டினால் தேதி வரும். வந்தது, ஆனால் எல்லாம் ஒரு நாள் பின்னால்! ஆப் நம் ஊர் நள்ளிரவைப் பதிந்திருக்கிறது, எக்செலில் வந்ததோ கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி நேரத்தையும் சேர்த்த பிறகு சரியாயிற்று. மேஸ்திரியிடம் பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். தன் நோட்டோடு ஒத்துப் பார்த்து, தளம் போட்ட அன்று வாங்கிய அட்வான்ஸ் விட்டுப்போனதை அவரே ஒப்புக்கொண்டார்.

அப்புறம் ஆசை விடவில்லை. கணக்கு பத்திரமாகிவிட்டதால் அந்த ஃபோனை ரூட்டும் செய்தேன். அன்லாக் அனுமதிக்கு விண்ணப்பித்தால் கம்பெனி ஒரு வாரம் கழித்து வரச் சொல்கிறது, ஏதோ பட்டா மாறுதல் போல. மற்றபடி ரூட் அதிகாரம் தரும் மேஜிஸ்க் என்ற கருவியை ஏற்றுவது சுலபம். அதற்கு எடுக்கும் பூட் கோப்பு (சிஸ்டத்தைத் தொடங்கும் பகுதி) ஃபோனில் ஓடும் சிஸ்டத்தின் பில்டு எண்ணோடு அச்சாகப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி செய்தேன், விளம்பரங்களை, இணைய முகவரிகளைத் திருப்பிவிடும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலேயே அடைத்தேன். பதிலுக்கு வங்கி ஆப் திறக்க மறுத்துவிட்டது. படம் பார்க்கும் ஆப்பில், படங்களை நகலெடுக்காமல் காக்கும் வைட்வைன் பாதுகாப்பு எல்1 என்ற உயர் நிலையிலிருந்து எல்3-க்கு இறங்கி, எச்டி போய்விட்டது. சாம்சங் ஃபோன் வைத்திருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். அதில் சிஸ்டத்தை மாற்றியதைக் காட்டிக்கொடுக்கும் நாக்ஸ் ஃபியூஸ் ஒருமுறை போனால் போனதுதான், ரகசியக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் திரும்ப வராது.

விண்டோஸ் கணினியில் நான்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். அதே வங்கியின் இணையதளம் அதில் மறுபேச்சில்லாமல் திறக்கிறது. ஃபோனில் மட்டும் நான் சந்தேகக் கேஸ். இருந்தாலும் எல்லோர் கையிலும் ரூட் இருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கேட்கிற ஆப்புக்கெல்லாம் 'அலவ்' கொடுக்கும் என் மாமனார் ஃபோனில் ரூட் இருந்தால் வாசல் கதவைக் கழற்றி வைத்த மாதிரி. எனக்கு வேண்டியிருந்தது முழு அதிகாரம் இல்லை, நான் தட்டச்சிட்ட கணக்கை நானே எடுத்துப் போகும் வழி. கூகுள் அடைத்து வருவது அந்தச் சின்ன வழியைத்தான். அதனால்தான் கோபம்.

வேண்டாத ஆப்களை நீக்க மட்டும் ரூட் செய்யப் போகிறவர்கள் செய்யாதீர்கள். ஏடிபியிலேயே ஃபோனில் உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் அவற்றை நீக்கலாம், வங்கி ஆப்பும் முறைக்காது. ஏற்கெனவே ரூட் செய்துவிட்டு பூட்லோடரைத் திரும்பப் பூட்ட நினைப்பவர்கள், கம்பெனியின் மூல மென்பொருளான ஃபர்ம்வேரை முழுதாக ஏற்றி ஃபோன் ஒழுங்காக ஆன் ஆகிறதா என்று பார்த்த பிறகே பூட்டுங்கள். மாற்றிய சிஸ்டத்தோடு பூட்டினால் ஃபோன் எழாமலே போகலாம். பூட்டும்போதும் டேட்டா இன்னொரு முறை அழியும்.