கன்னத்து எரிச்சலுக்கு லைட்டும் பீலும்

ரோசேசியா என்பது முகத்து ரத்தக் குழாய்கள் விரிந்து எரிச்சலும் பருவும் வரும் நாள்பட்ட தோல் நோய். மாநிற முகத்தில் அது அவ்வளவு சிவப்பாகத் தெரிவதில்லை. செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஆடிக் காற்று கணவாயிலிருந்து அடிக்கும்போது கன்னம் திகுதிகுவென எரியும். பார்ப்பவருக்கு வெயிலில் கறுத்த முகமாகத்தான் படும். பரு என்று நினைத்து மெடிக்கலில் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசுவார்கள். நாலு நாள் அடங்கும், விட்டதும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். முதலில் அதை டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, தோல் ஆறச் சில வாரம் கொடுக்க வேண்டும். சீழ்ப் பருக்கள் இருந்தால் மெட்ரோனிடசோல் 0.75% ஜெல்லோ ஐவர்மெக்டின் 1% கிரீமோ எழுதுவார்கள். அவை அடங்கும்வரை பீலுக்கு (ஆசிட் பூசி மேல்தோலை உரிய வைப்பது) அவசரமே வேண்டாம்.

விரிந்து கிடக்கும் ரத்தக் குழாய்களுக்குத்தான் லைட். ஐபிஎல் என்ற கருவி விட்டுவிட்டுப் பாய்ச்சும் தீவிர வெளிச்சத்தை ரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்சிச் சூடாக, குழாய் சுருங்கும். ஆனால் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அதே வெளிச்சத்தை உறிஞ்சுகிறது. அளவு தப்பினால் கருவியின் முனை பட்ட செவ்வகத்திலேயே கொப்புளம் எழும்பி, மாதக்கணக்கில் கறுப்பு நிற்கும். நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் ஐபிஎல்லைவிடப் பாதுகாப்பு. அது இருக்கிற இடத்தைத் தேடிப் போவது வீண் அலைச்சல் இல்லை. எதுவானாலும் காதோரம் ஒரு டெஸ்ட் ஷாட் வைத்து, சில நாள் பார்த்த பிறகே முகம் முழுக்க. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள்; அது தோலை வெளிச்சத்துக்குக் கூச வைக்கும். பெரும்பாலும் 3 முதல் 5 சிட்டிங், 3–4 வார இடைவெளியில்.

பீலையும் லைட்டையும் ஒரே நாளில் வைக்கச் சம்மதிக்காதீர்கள். நடுவில் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும்.

பீலுக்கு சாலிசிலிக் ஆசிட் 20% போதும். கிளைகாலிக் ஆசிட் 70%, டிசிஏ (ட்ரைகுளோரோ அசிட்டிக் ஆசிட்) இரண்டும் இந்தத் தோலுக்கு ஆகாது. ரெட்டினால் கிரீமை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சாலிசிலிக் வேண்டாம். பூசிய இரண்டு மூன்று நிமிடத்தில் எரிச்சல் உச்சத்துக்குப் போய்த் தானே தணியும். முகத்தில் கோலப்பொடி தூவியது போல் வெள்ளை பூக்கும். ஆசிட்டைக் கரைத்திருந்த ஸ்பிரிட் ஆவியானதும் படிகிற ஆசிட் துகள்தான் அது, பயப்பட வேண்டாம். ஈரப் பஞ்சில் துடைத்தால் வந்துவிடும். துடைத்தும் வராத வெள்ளைதான் ஆபத்து: ஆசிட் ஆழமாக இறங்கித் தோலை வேகவைத்திருக்கிறது.

மூன்றாம் நாளிலிருந்து உரியும், பிய்க்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு அடுப்படி அனல், ஆவி பிடிப்பது, முகத்துக்கு மஞ்சள், குற்றால அருவியில் முகம் கொடுப்பது எல்லாம் வேண்டாம். சாரல் மேகம் மூடியிருந்தாலும் யூவிஏ கதிர் வரும் என்பதால் ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன் (எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல்) இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூச வேண்டும்.

இதற்கிடையில் கண்ணில் மண் விழுந்தாற்போல் உறுத்தினால் அதுவும் ரோசேசியாவாக இருக்கலாம். அதற்கு இந்த லைட்டையும் பீலையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். அடுத்த சிட்டிங்குக்கு முன்பே கண் டாக்டரைப் பாருங்கள்.