எட்டாம் நாளா, எட்டு நாள் கழிச்சா?

கூடலூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்ல ஃபீல்டு சூப்பர்வைசரா சேர்ந்த முதல் வருஷம் நடந்தது. மே மாசம், கோடை மழை பெஞ்சு கொழுந்து தள்ளிட்டு வர்ற சமயம். 3ம் தேதி திங்கக்கிழமை ஒரு மலையில (எஸ்டேட்ல ஒவ்வொரு தேயிலைப் பகுதியையும் மலைன்னுதான் சொல்வாங்க) கொழுந்து எடுத்து முடிச்சாங்க, அடுத்த ரவுண்டு, அதாவது அதே செடியில திரும்பப் பறிக்கறது, எப்ப வைக்கலாம்னு அங்க ரொம்ப வருஷமா வேலை பாக்கற ஒரு அக்காகிட்ட கேட்டேன். "எட்டாம் நாள் வரணும் தம்பி"ன்னாங்க. நான் நோட்டுல 3 கூட 8ஐ கூட்டி 11ன்னு எழுதிட்டேன். செவ்வாய்க்கிழமை.

அவங்க சொன்னது 10ம் தேதி, திங்கக்கிழமை. எடுத்த நாளையும் ஒண்ணுன்னு சேர்த்து எண்ணுவாங்க. நம்ம வீட்டுலயும் அப்படித்தானே, பதினாறாம் நாள் காரியம்னா இறந்த நாள்ல இருந்தேதான் எண்ணறோம். வாரத்தை எட்டு நாள்ம்பாங்க, ரெண்டு வாரத்தை பதினஞ்சு நாள்ம்பாங்க, கணக்கு சரியாத்தான் இருக்கு. "எட்டு நாள் கழிச்சு"ன்னு சொல்லியிருந்தாத்தான் 11.

ஒரு நாள் தானேன்னு தோணும். பனிக்காலத்துல 14, 15 நாள் ரவுண்டு ஓடும்போது ஒரு நாள் பெருசா தெரியாது, ஆனா மே மாசத்துல 7 நாள் ரவுண்டு, நான் ஒவ்வொரு ரவுண்டுலயும் அதே மாதிரி ஒரு நாள் சேர்த்துக்கிட்டே போனதுல மூணாவது ரவுண்டு வரும்போது மூணு நாள் தள்ளிப் போயிருந்தது. அதுவரைக்கும் எனக்கு எதுவும் உறைக்கல, ஏன்னா எடை கூடித்தான் வந்தது, முத்தின இலை கனக்கும்ல. ஃபேக்டரில இலையைப் பிரிச்சுப் பாத்துட்டு ரெண்டு இலை ஒரு மொட்டு எங்கய்யா, பாதிக்கு மேல முரட்டு இலைன்னு சொன்னப்பதான் புரிஞ்சது. அதை விட கஷ்டம், அந்த மலையில செடிங்களோட மேல்பக்கத்தை மட்டமாக்க பொம்பளைங்க முத்தின தண்டை எல்லாம் கையால ஒடிச்சு கீழ போட வேண்டி வந்தது, சாயந்திரம் அந்த அக்கா விரல்ல துணி சுத்தியிருந்தாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. அது இன்னைக்கும் மனசுல கிடக்கு.

ஜூன்ல பருவமழை பிடிச்சதும் கொப்புள நோய் வரும், இளம் இலையில வெளிறின புள்ளி விழுந்து அப்புறம் அடிப்பக்கம் வெள்ளையா உப்பும். பூஞ்சை நோய், இளம் இலையைத்தான் பிடிக்கும், நாம பறிக்கறதும் அதைத்தான். அதனால கொழுந்து எடுத்த கையோட மருந்து அடிச்சிடணும். இங்கதான் கணக்கு தலைகீழாகுது. மருந்து லேபிள்ல அறுவடைக்கு முன்னாடி 7 நாள்னு போட்டிருந்தா அது முழுசா 7 நாள் கழியணும்னு அர்த்தம், எண்ணிக்கையில ஏழாம் நாள் இல்ல. திங்கக்கிழமை எடுத்து மழைனால செவ்வாய்க்கிழமை மருந்து அடிச்சா, எட்டாம் நாள்னு அடுத்த திங்கக்கிழமை கூடையோட ஆள் நிக்கும்போது 6 நாள்தான் ஆகியிருக்கும். மருந்து அடிச்ச நாளையும் சேர்த்து எண்ணிப் பாத்தா 7 வந்துடும், யாருக்கும் சந்தேகமே வராது, அந்த இலை அப்படியே டீயாப் போயிடும். கொழுந்துக்கு ஒரு நாள் லேட்டானா தப்பு, மருந்துக்கு ஒரு நாள் முந்தினா தப்பு, அதுலயும் ரெண்டாவது தப்பு குடிக்கறவங்க வயித்துல போய் முடியுது, அதனால அதை நான் பெருசாவே நினைக்கறேன்.

அப்புறம் "எத்தனை நாள்"ங்கற கேள்வியையே விட்டுட்டேன். காலைல பெரட்டு எடுக்கற (ஆளுங்க பேரைக் கூப்பிட்டு வேலை பிரிச்சுக் கொடுக்கற) இடத்துல ஒரு போர்டு வச்சு ஒவ்வொரு மலைக்கும் நேரா அடுத்த ரவுண்டு தேதி, கிழமை ரெண்டும் எழுதறேன். மருந்து அடிச்ச மலைக்கு மட்டும் தனியா சிவப்புல, "இந்தத் தேதி வரை தொடக் கூடாது"ன்னு. முதல் தடவை எழுதினப்ப அந்த அக்கா விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு, "செவ்வாய்க்கெழமதான் தம்பி, திங்கக்கெழம வேணாம், சரியாத்தான் போட்டிருக்கீங்க"ன்னு சொல்லிட்டு கூடையை எடுத்துக்கிட்டு வேற மலைக்கு நடந்தாங்க.