மன்னா மரத்தடியில் ஒரு ஆகஸ்ட்

இத்தாலியின் சிசிலித் தீவில் பலெர்மோ நகரத்துக்கு வந்து பதினொரு வருடம் ஆகியும் எனக்குத் தெரிந்த சிசிலி சின்னதுதான். பலாரோ சந்தை, பஸ் தரிப்பிடம், வேலை செய்கிற வீடுகளின் மாடிப்படி, மிஞ்சினால் மொந்தே பெல்லெக்ரினோ. அந்த மலைக்குகையில் இருக்கும் சாந்தா ரொசாலியா 1624இல் வந்த கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவர் என்று பலெர்மோக்காரர் கும்பிடுவார்கள். எங்கள் சனமும் நேர்த்தி வைத்து ஏறும். சைவமா வேதமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நான் பார்த்துக்கொள்ளும் அம்மாவை வீட்டில் எல்லோரும் நொன்னா என்பார்கள். இத்தாலியனில் பாட்டி. எங்கள் இலங்கையில் நோனா என்றால் துரைசானி. முதல் மாதம் அவரைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பாட்டியும் எசமானியும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டார்களே என்று.

முன்பு வேலை செய்த ஒரு வீட்டில் ஆகஸ்ட் வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது சம்பளமில்லாத மாதம். இந்த வீட்டில் அப்படியில்லை. நொன்னாவைப் பிறந்த ஊருக்குக் கூட்டிப்போகிறோம், நீயும் வா என்றார் மகள். ஊர் பெயர் பொல்லீனா. கேள்விப்பட்டதே இல்லை.

பலெர்மோவிலிருந்து கிழக்கே கடலோரமாகப் போகிற பெருவீதி. செஃபலூ என்ற கடற்கரை ஊரைத் தாண்டியதும் கார் கடலை விட்டு வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் என் வயிறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நொன்னாவோ ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்தார். ஊர் 700 மீட்டருக்கு மேலே, பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. இறங்கித் திரும்பிப் பார்த்தால் காலுக்குக் கீழே கடல். இந்த மலைத்தொடருக்கு மதோனியே என்று பெயர். இதன் உச்சி 1,979 மீட்டர், சிசிலியில் எட்னா எரிமலைக்கு அடுத்த உயரம். குளிர்காலத்தில் அங்கே பனியில் சறுக்கி விளையாடுவார்களாம். கீழே குளிக்கிற கடல், மேலே பனி. சூரியனுக்காகவே சிசிலிக்கு வருகிற வெள்ளைக்காரர் செஃபலூவோடு திரும்பிவிடுவதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

மூன்றாம் நாள் விடிய, "அமுனீ, பிச்சிரிட்டா" என்று எழுப்பினார் நொன்னா. வாடி போவோம், குஞ்சு என்ற மாதிரி. எனக்கு நாற்பத்தாறு வயது. ஊருக்கு வந்ததிலிருந்து அவர் இத்தாலியனையே மறந்துவிட்டார், எல்லாம் சிசிலியன்தான். அவருடைய மச்சான் முறையான ஒரு கிழவரின் தோட்டத்துக்குப் போனோம். சரிவு முழுக்க மெலிந்த மரங்கள். ஒவ்வொன்றின் அடிமரத்திலும் வரிசை வரிசையாகக் குறுக்கு வெட்டு.

கிழவர் அகன்ற அலகுள்ள கத்தியால் நேற்றைய வெட்டுக்குச் சற்று மேலே ஒரு வெட்டுப் போட்டார். பட்டையிலிருந்து இலேசான நீலம் கலந்த சாறு கசிந்தது. நான் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு. அவர் சிரித்துவிட்டு, முந்திய நாட்களின் வெட்டுகளில் தொங்கிய வெள்ளைக் குச்சி ஒன்றை ஒடித்துத் தந்தார். வெயிலில் அதே சாறு வெளுத்து, உறைந்து, இனிப்பாகிவிடுகிறது. கீழே சொட்டுகிறதைப் பிடிக்க மரத்தடியில் நாகதாளி மடல்களைப் பரப்பியிருந்தார். இதன் பெயர் மன்னா. நான் படித்தது கொன்வென்ட்டில். வேதப் புத்தகத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னாவைப் பற்றிப் பாடமாக்கி ஒப்புவித்தவள். மரத்திலிருந்து வரும் என்று சிஸ்டர் சொல்லவில்லை.

எனக்கு ஞாபகம் வந்தது வேதம் இல்லை, எங்கள் வளவுப் பனைதான். பாளையைத் தினமும் மெல்லிசாகச் சீவுகிற அதே கைவேகம், ஆழமாகப் போனால் மரம் கெடும் என்கிற அதே கவனம். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் கிழவருக்கு விளங்கப்படுத்தினேன். சுண்ணாம்புக்கு இத்தாலியனில் சொல் வரவில்லை. பக்கத்து மதிலின் வெள்ளையைச் சுரண்டிக் காட்டினேன். விளங்கிவிட்டது. "அப்போ மரத்தில் ஏறுவீர்களா?" என்றார். ஏணி இல்லாமல் என்றேன். தொப்பியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார், நானே ஏறினவள் மாதிரி.

ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் இந்த வேலை. ஒரு மழை வந்தால் மரத்தில் உறைந்து நிற்கிறதெல்லாம் கரைந்து மண்ணோடு போய்விடும். அதனால் பேசிக்கொண்டிருக்கும்போதும் கிழவரின் கண் வானத்திலேயே இருந்தது. ஒரு காலத்தில் மருந்துக்கான மன்னிட்டால் என்கிற இனிப்புப் பொருளை இதிலிருந்துதான் எடுத்தார்கள். அதை வேறு வழியில் செய்யத் தொடங்கியபின் விலை விழுந்து, தோட்டங்கள் காடாகின. இப்போது பொல்லீனாவிலும் பக்கத்துக் காஸ்தெல்புவோனோவிலும் கொஞ்சப்பேர்தான் வெட்டுகிறார்கள். தன் பிள்ளைகள் மிலானோவில் என்றார் கிழவர். எங்கள் பக்கத்தில் பனை ஏறினவர்களின் பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று நான் சொல்லத் தொடங்கினால் மத்தியானம் ஆகிவிடும். சொல்லவில்லை.

திரும்பும் வழியில் காஸ்தெல்புவோனோவில் பாண் வாங்க நிறுத்தினோம். கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர். இந்த ஒடுங்கிய தெருக்களில் 2007இலிருந்து கழுதைகளை வைத்துக் குப்பை அள்ளினார்களாம். மகள் பெருமையாகச் சொன்னதும் நொன்னா, "என் கலியாணச் சாமான் வந்ததும் கழுதையில்தான், அதற்கு யாரும் பேப்பரில் எழுதவில்லை" என்றார்.

கிழவர் கடதாசியில் சுற்றித் தந்த மன்னாவைப் பலெர்மோவுக்குக் கொண்டுவந்தேன். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிற மாதிரி, வெறும் தேத்தண்ணியோடு என் மனுசனுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். "பனங்கட்டி மாதிரி வராது" என்றார். சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு துண்டு எடுத்தார். இது வயிற்றை இளக்கும், பிள்ளைகளுக்குக்கூட அளவாகத்தான் கொடுப்போம் என்று நொன்னா சொன்னதை, அடுத்த நாள் காலையில் மனுசன் இரண்டாம் தடவை உள்ளே போய்க் கதவைச் சாத்தினபிறகுதான் நான் சொன்னேன்.