பெர்னினா கணவாயில் ஏறும் எங்கள் ஊர் ரயில்

சுவிற்சர்லாந்தில் தஞ்சம் கோருபவர் தாம் வாழப்போகும் மாநிலத்தைத் தாமே தெரிவு செய்வதில்லை. மாநிலங்களின் மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்ட பங்கீட்டின்படி அரசே அவரை எங்காவது அனுப்பிவைக்கிறது. சூரிச்சிலும் பேர்ணிலும் எனக்கு உறவினர் இருந்தார்கள். எனக்குக் கிடைத்ததோ நாட்டின் தென்கிழக்கு மூலையிலுள்ள கிறவுபுண்டன். அங்கே எங்கடின் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து 1,700 மீற்றர் உயரத்திலுள்ள சமேடான் என்ற சிற்றூரில் ஓர் அறையும், அடுத்த ஊரான பொன்ட்ரெசீனாவில் விடுதிச் சமையலறையொன்றில் கோப்பை கழுவும் வேலையும் அமைந்தன. அறைக்கும் வேலைக்கும் இடையே இருந்தது ரேத்திய ரயில்வேயின் சிவப்பு ரயில்.

வெப்பநிலை உறைநிலைக்கு இருபது பாகை கீழே போவது சமேடானின் மாரிகாலத்தில் வழமையானது. அந்தக் குளிரில், வீதிகளில் பனி அள்ளும் வண்டிகள் தம் வேலையை முடிக்கும் முன்னரே, ரயில் குறித்த நேரத்தில் வந்து நிற்கும். அதிலே பள்ளிப் பிள்ளைகளும், மருத்துவமனைத் தாதியரும், போர்த்துக்கல்லிலிருந்து வந்த விடுதிப் பணியாளர்களும், என்னைப் போன்ற சிலரும் ஏறுவோம். உல்லாசப் பயணிகள் அந்நேரத்தில் உறக்கத்திலிருப்பார்கள். அவர்களுக்கு அது ஒரு காட்சி. எங்களுக்கு அது பேருந்து.

நான் ஊரைவிட்டு வெளியேறியபோது யாழ்ப்பாணத்தில் ரயிலும் இல்லை, மின்சாரமும் இல்லை. 1990 இல் நின்றுபோன யாழ்தேவி 2014 இல்தான் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. ஜாம்போத்தலில் திரியிட்ட விளக்கின் கீழ் உயர்தர வகுப்புப் பௌதிகத்தில் ஆடலோட்டத்தையும் (AC) நேரோட்டத்தையும் (DC) படித்த எனக்கு, பனிமலைகளைவிட அந்த ரயிலின் மேலே செல்லும் மின்கம்பியே முதலில் ஈர்ப்பாக இருந்தது. பொன்ட்ரெசீனா நிலையத்தில் அவ்விரண்டும் சந்திக்கின்றன: சமேடானிலிருந்து வரும் பாதையில் 11,000 வோல்ற்று ஆடலோட்டம், அங்கிருந்து பெர்னினா கணவாய்க்கு ஏறும் பாதையில் 1,000 வோல்ற்று நேரோட்டம். ஒரு காலத்தில் இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் பாதைகளாக இருந்தமையே இதற்குக் காரணம். தனியாக இயங்கிய பெர்னினா ரயில் நிறுவனம் 1943 இல்தான் ரேத்திய ரயில்வேயுடன் இணைந்தது. இப்போது இரண்டு மின்முறைகளிலும் ஓடக்கூடிய வண்டிகள் வந்துவிட்டதால், பயணிகளில் எவரும் இதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை.

தண்டவாளங்களுக்கிடையே ஒரேயொரு மீற்றர் இடைவெளிதான் உண்டு. நாட்டின் ஏனைய பெரும்பாதைகளில் அது 1,435 மில்லிமீற்றர். பாதை ஒடுங்கினால் வளைவுகளை இறுக்கமாக அமைக்கலாம், மலையைக் குடைவதும் குறையும், செலவும் குறையும். பெர்னினாப் பாதையில் 45 மீற்றர் ஆரையுள்ள வளைவுகள்கூட உள்ளன. இந்த மாநிலம் ரயிலை இவ்வளவு பற்றிக்கொண்டதற்கு இன்னொரு காரணத்தையும் உள்ளூர் முதியவர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். 1900 ஆம் ஆண்டிலிருந்து 1925 வரை கிறவுபுண்டனில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை இருந்தது. மக்கள் வாக்கெடுப்புகளில் மீண்டும் மீண்டும் அத்தடையைக் காத்தார்கள். முதலாம் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காமல் திண்டாடிய பிறகு, 1922 அளவில் ரேத்திய ரயில்வே தன் பாதைகள் அனைத்தையும் மின்மயமாக்கி முடித்தது. பெர்னினாப் பாதையோ 1908 இல் முதற்பகுதி திறந்த நாளிலிருந்தே மின்சாரத்தில் ஓடுகிறது.

விடுமுறை நாட்களில், வேலைக்கு இறங்கும் நிலையத்தில் இறங்காமல் மேலே செல்லத் தொடங்கினேன். மொர்தெராட்ச் நிலையம் கட்டப்பட்ட காலத்தில் பனியாறு அதற்கு அருகிலேயே இருந்தது. இன்று அதன் விளிம்பைக் காண ஒரு மணிநேரம் நடக்கவேண்டும். வழி நெடுகிலும், எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்பதை ஆண்டு எழுதிய பலகைகள் காட்டுகின்றன. பிற்பாடு என் பிள்ளைகள் தாம் பிறந்த ஆண்டின் பலகையைத் தேடி ஓடுவார்கள். அவர்களுடைய பலகைகளைத் தாண்டியும் பனி நெடுந்தூரம் பின்வாங்கிவிட்டது.

அதற்கு மேல் மரங்கள் இல்லை. பல்சக்கரம் எதுவுமில்லாமல், இரும்புச் சில்லுக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையிலான பிடிமானத்தை மட்டும் நம்பி, ஆயிரம் மீற்றருக்கு 70 மீற்றர் உயரும் சரிவுகளில் ரயில் ஏறி, 2,253 மீற்றர் உயரத்திலுள்ள ஒஸ்பிசியோ பெர்னினாவை அடைகிறது. அங்கே இரண்டு ஏரிகள் அருகருகே கிடக்கின்றன. சிறியதும் கரியதுமான ஏரியின் நீர் இன் ஆற்றில் சேர்ந்து, டான்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. பனியாறு அரைத்த நுண்ணிய கல்மாவால் பால்நிறம் கொண்ட லாகோ பியாங்கோவின் நீர் தெற்கே இறங்கி, போ ஆற்றின் வழியாக அத்ரியாத்திக் கடலை அடைகிறது. லாகோ பியாங்கோ மின் உற்பத்திக்காக அணைகட்டிப் பெருக்கப்பட்ட ஏரியும்கூட. மாரியில் இரண்டும் உறைந்து, எது ஏரி எது நிலம் என்று பிரித்தறிய முடியாதபடி வெண்மையாகிவிடும். பனி ஊதும் வண்டிகள் பாதையைத் துப்புரவாக்கியபடியே இருக்கும். 1910 இல் கட்டப்பட்ட நீராவிப் பனிவண்டி ஒன்றையும் இன்னும் பேணி வைத்திருக்கிறார்கள்.

இறக்கமே எனக்கு அதிகம் பிடித்தது. 40 கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில், 429 மீற்றர் உயரத்திலுள்ள இத்தாலிய எல்லை நகரமான திரானோவரை ரயில் இறங்கிவிடுகிறது. மேலே கையுறையுடன் அமர்ந்திருந்தவர் கீழே சட்டைக் கையை மடித்துவிடுவார். அல்ப் குரூமில் பாலூ பனியாறு நேரெதிரே தெரியும்; பிறகு பாதை ஊசிமுனைத் திருப்பங்களாக மடிந்து மடிந்து போஸ்கியாவோ பள்ளத்தாக்கில் இறங்கும். ஏறும்போது ஜேர்மனும் ரோமான்சும் பேசிய பெட்டி, இங்கே இத்தாலிய மொழிக்கு மாறிவிடுகிறது. மூன்றும் இம்மாநிலத்தின் ஆட்சிமொழிகளே. ஜேர்மன் மொழியில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த எனக்கு, இந்த நாட்டவரே ஒரு மலையைக் கடந்தவுடன் வேற்றுமொழிக்காரராகிவிடுவது பெரிய ஆறுதலாக இருந்தது. லெ பிரேசே ஊரில் ரயில் வீதியின் நடுவே, வீட்டு வாசல்களை உரசுவதுபோலச் செல்லும். புருசியோவில் ஒன்பது கமான்கள் கொண்ட பாலத்தின் மீதாகப் பாதை திறந்த புல்வெளியில் ஒரு முழு வட்டம் போடுகிறது. சற்று முன்னர் தான் கடந்த பாலத்துக்கு அடியிலேயே ரயில் நுழைந்து வெளியேறும். சரிவு மேலும் செங்குத்தாகிவிடாமல் உயரத்தைக் குறைப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 2008 இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலக மரபுரிமையாக அறிவித்தபோது, அந்தப் பாலத்தின் படமே எங்கும் காணப்பட்டது.

திரானோவுக்கு நாங்கள் போவது பெரும்பாலும் மரக்கறிக்காகத்தான். கத்தரிக்காயும் தக்காளியும் சுவிஸ் விலையோடு ஒப்பிட்டால் மிக மலிவு. இறைச்சியோ தலைக்கு ஒரு கிலோவரைதான் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்பதால், ஆட்டிறைச்சி வாங்கும் நாளில் குடும்பம் முழுவதுமே பயணம் செய்யும்.

மனைவி வந்து பிள்ளைகள் வளர்ந்த பிறகு, மறுதிசையில் உள்ள அல்புலாப் பாதையும் எங்கள் வாழ்வில் சேர்ந்துகொண்டது. தமிழ் வகுப்புக்கும் தமிழ்க் கடைக்குமாகக் கூர் நகருக்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் செல்லவேண்டும். பிரேடாவுக்கும் பெர்குனுக்கும் இடையே நேர்கோட்டில் ஐந்து கிலோமீற்றர் அளவே இருக்கும். நானூறு மீற்றருக்கு மேற்பட்ட உயர வேறுபாட்டை ஈடுசெய்ய, ரயில் மலைக்குள் சுருண்டு திரும்பி 12 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. அந்தச் சுருள் சுரங்கங்களில் சின்னவளுக்குத் தலைசுற்றும் என்பதால், ஆத்திசூடியை அதற்குப் பிறகே பாடமாக்கத் தொடங்குவோம். 65 மீற்றர் உயர லாண்ட்வாசர் பாலத்தைக் கடந்து செல்லும் அந்தச் சில நொடிகளில், பெட்டியிலுள்ள வெளியூரார் அனைவரும் ஒரே பக்கத்துக்கு நகர்வதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் உறவினர் பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற அகலக்கண்ணாடி வண்டியைத்தான் கேட்கிறார்கள். அதற்கு இருக்கைப் பதிவும் அதற்கான மேலதிகக் கட்டணமும் கட்டாயம். கண்ணாடியையும் திறக்க முடியாது. ஊர் ரயில் அதே தண்டவாளத்தில்தான் போகிறது, பதிவு தேவையில்லை, விரும்பிய நிலையத்தில் இறங்கி அடுத்த வண்டியில் தொடரலாம். ஆகவே அவர்களை அதிலேயே ஏற்றிவிடுகிறேன். செயின்ட் மோரிட்சிலிருந்து புறப்பட்டால் வலப்பக்கம் அமரவேண்டும். அல்ப் குரூமில் இறங்கி ஒரு தேநீர் குடிக்கவேண்டும். யூலை மாதமானாலும் தடித்த மேலங்கி ஒன்றைக் கையில் வைத்திருக்கவேண்டும்.