ஓடையைச் சூடாக்கும் மழைநீர்க் குளங்கள்

கனடாவில் ரொறன்ரோவை அடுத்துள்ள மார்க்கம், ரிச்மண்ட் ஹில், பிராம்டன் பகுதிகளின் புதிய குடியிருப்புகளில் நம்மவர் பலர் மாலையில் சுற்றி நடக்கும் குளங்கள் இயற்கையாக அமைந்தவையல்ல. கூரைகளிலும் தார் வீதிகளிலும் விழும் மழை ஒரேயடியாகப் பாய்ந்து ஓடைக்கரையை அரித்துவிடாமல், அதைத் தேக்கி, சேற்றைப் படியவைத்து, மெல்ல வெளியேற்றுவதற்காக வெட்டப்பட்டவை. வெள்ளத்தைப் பொறுத்தவரை அவை தம் வேலையைச் செய்கின்றன. ஆனால் நிழலற்ற அந்த நீர் யூலை வெயிலில் நாட்கணக்காகச் சூடேறுகிறது. அடுத்த மழையில், சூடேறிய அந்த நீரே குளிர்ந்த ஓடைக்குள் போய் விழுகிறது.

அங்கே வாழும் ரெட்சைட் டேஸ் என்னும் சிறுமீன் அதைத் தாங்காது. ஏறத்தாழ 10 சென்ரிமீற்றரே வளரும் இம்மீன், விலாவில் சிவப்புக் கோடு மின்ன நீருக்கு மேலே துள்ளி, பறக்கும் பூச்சிகளைப் பிடித்து உண்ணும். நீர் கலங்கினால் இரை கண்ணுக்குத் தெரியாது. கனடாவில் எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஓடைகளிலேயே இருக்கின்றன. ஒன்ராறியோ மாகாணம் 2009இலும் மத்திய அரசு 2017இலும் இதை அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலிட்டன. இம்மீன் வாழும் ஓடையில் விடப்படும் நீர் 24 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடாது, லீற்றருக்கு 7 மில்லிகிராம் ஒட்சிசனாவது அதில் இருக்கவேண்டும் என்கிறது மாகாணத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி.

பழைய குளங்களைச் சீரமைப்போர் முதலில் கைவைப்பது வெளியேற்றும் குழாயில்தான். மேற்பரப்புக்குப் பதிலாக அடியிலிருந்து நீரை எடுத்தால் அது குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அடிநீரில் ஒட்சிசன் குறைவு; குளிர்காலத்தில் பனியை உருக்க வீதியில் கொட்டிய உப்பும் கனமான உவர்நீராக அங்கேதான் தங்குகிறது. ஆகவே குழாயைத் தாழ்த்துவது மட்டும் வெப்பத்தைக் குறைத்து வேறொரு கேட்டை ஓடைக்கு அனுப்புவதாகவே முடியலாம். வெளியேறும் நீரைக் கல் நிரப்பிய நிலத்தடி அகழி வழியே விட்டுக் குளிரவைப்பதும், கற்களின் மேல் சிதறவிட்டுக் காற்றூட்டுவதும், கரையில் மரம் நட்டு நிழல் தருவதும், அடிச்சேற்றை வாரி ஆழத்தை மீட்பதும் சேர்ந்தே செய்யப்படவேண்டும். உப்பை மட்டும் இவற்றில் எதுவும் நீக்காது. அதை வீதியிலேயே குறைக்கவேண்டும்.

என் கணிப்பில், குளத்தை எவ்வளவு திருத்தினாலும் அது இரண்டாவது மருந்துதான். கூரை நீர் வீட்டுப் புல்தரையிலேயே ஊறி, மண்ணின் குளிர்ச்சியோடு நிலத்தடியாக ஓடையை அடைவதற்கு ஈடாகும் குழாய் எதுவும் இல்லை.