‘டாப் ஹேட்’ பார்த்த இரவுகள்

ஜனவரி 9, வெள்ளி

1935இல் மார்க் சாண்ட்ரிச் இயக்கிய ஹாலிவுட் இசைப்படம். பாடல்கள் இர்விங் பெர்லின். லண்டன் ஹோட்டல் அறையில் ஜெர்ரி (ஃப்ரெட் அஸ்டேர்) நள்ளிரவில் தரை அதிர ஆடுகிறான். கீழறையில் தூக்கம் கலைந்த டேல் (ஜிஞ்சர் ரோஜர்ஸ்) சண்டைக்கு வருகிறாள். அவள் போனதும் அவன் தரையில் மணலைத் தூவி, அதன்மேல் காலை மெல்லத் தேய்த்து ஆடுகிறான். அந்தச் சரசரப்பே அவளுக்குத் தாலாட்டு. காதலை இவ்வளவு அழகாகத் தொடங்கிவைத்த காட்சி வேறொன்று என் நினைவில் இல்லை.

ஜனவரி 10, சனி

மழைக்கு ஒதுங்கிய பூங்கா மண்டபக் காட்சியை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அவன் நடக்கிறான், பின்னாலேயே அவளும் அதே நடையைப் போட்டுக் காட்டுகிறாள். அவன் ஓர் அடி வைத்தால் இவள் பதிலுக்கு ஓர் அடி. கேள்வியும் பதிலும் எல்லாம் காலில்தான். முடிவில் முத்தம் கிடையாது, இருவரும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். ஆனால் இதுவரை அவன் பெயர் அவளுக்குத் தெரியாது!

ஜனவரி 11, ஞாயிறு

குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. தோழி மேட்ஜின் கணவர் ஹொரேஸும் அதே ஹோட்டலில் இருக்கிறார். டேல் அவரைப் பார்த்ததே இல்லை. கைப்பெட்டியும் கைத்தடியும் வைத்திருப்பவர்தான் ஹொரேஸ் என்று ஹோட்டல்காரர் சொல்கிறார். அவள் கண்ணில் படும்போது அவை ஜெர்ரியின் கையில் இருக்கின்றன. இவன்தான் தோழியின் கணவன் என்று நினைக்கிறாள். அவன் கன்னத்தில் விழுகிறது ஓர் அறை.

பெயரைச் சொன்னால் தீர்ந்துவிடுமே, இதெல்லாம் ஒரு கதையா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவே இல்லை. சொந்த ஊரில் என்றால் இன்னார் மகன் என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். அயல்நாட்டு ஹோட்டலில் யார் இருக்கிறார்கள்? முன்பின் தெரியாத ஒருவர் சுட்டிக்காட்டியதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மண்டபத்தில் அவள் கால்கள் அறிந்துகொண்ட மனிதன் ஒருவன். காதில் விழுந்த பெயருக்கு உரியவன் வேறொருவன். டேல் தவிப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்.

ஜனவரி 13, செவ்வாய்

வெனிஸ். ஸ்டுடியோவுக்குள் கட்டிய வெனிஸ்தான். ஆனாலும் கால்வாயும் பாலமும் மனதை அள்ளுகின்றன. ‘சீக் டு சீக்’ பாட்டுக்குமுன் மேட்ஜே அந்த இருவரையும் இன்னும் நெருங்கி ஆடச் சொல்லிச் சைகை காட்டுகிறாள். அவள் நினைப்பது, தோழிக்கு ஒரு வரன் அமைகிறது என்று. டேலுக்கோ தலை சுற்றுகிறது: கட்டிய மனைவியே இப்படிச் சொல்வாளா? பிறகு மேட்ஜுக்கே கவலையில்லை என்றால் எனக்கென்ன என்று துணிகிறாள். சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, ஆட்டம் தொடங்கியதும் தொண்டை அடைத்தது. தோழியின் கணவன் என்று நம்பிக்கொண்டே அவன் தோளில் சாய்கிறாள். அந்தத் தயக்கமும் மயக்கமும் ரோஜர்ஸின் முதுகு வளைவிலேயே தெரிகின்றன. அஸ்டேரைப் புகழும் அளவுக்கு இந்த நடிப்பை ஏன் யாரும் புகழ்வதில்லை?

இந்த ஆட்டத்துக்கு ரோஜர்ஸ் பிடிவாதமாக அணிந்தது தீக்கோழி இறகு வைத்த உடை. அந்த இறகுகள் ஆட ஆட உதிர்ந்து அஸ்டேரை எரிச்சலூட்டின. பிறகு அவரே தங்கத்தில் ஓர் இறகு செய்து ரோஜர்ஸுக்குப் பரிசளித்தார். படத்திலும் ஓரிரு இறகுகள் மிதப்பதைக் காணலாம்.

ஜனவரி 14, புதன்

கோபத்தில் டேல் ஆடை வடிவமைப்பாளர் பெடினியை மணக்கிறாள். மணம் செய்துவைத்த பாதிரியாரோ வேடமிட்ட ஹொரேஸின் வேலைக்காரர் பேட்ஸ்! அதனால் அந்த மணமே செல்லாது. பெயரால் வந்த சிக்கலை இன்னொரு வேடம் அவிழ்ப்பது எனக்கு மிகவும் பிடித்தது. இதே ஜோடியும் இயக்குநரும் 1934இல் தந்த ‘தி கே டிவோர்சி’யிலும் ஆள் மாறுகிறது: விவாகரத்துக்குக் காரணம் காட்டக் கள்ளக்காதலனாக நடிக்கக் கூலிக்கு அமர்த்திய ஆள் என்று அஸ்டேரை நாயகி நினைத்துக்கொள்கிறாள். சனிக்கிழமை அதைத்தான் பார்க்கப்போகிறேன்.